ரடரைத் தள்ளினால் விமானம் எப்படித் திரும்புகிறது?

படகின் சுக்கானைப் போலவே, ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானத்தின் ரடரும் (வாலில் செங்குத்தாக நிற்கும் அசையும் மடல்) நேரடியாகத் திருப்பிவிடும் என்று புதியவர்கள் எண்ணுவதுண்டு. ரடர் மூக்கைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, அவ்வளவுதான். திருப்புவது சாய்ந்த இறக்கையின் தூக்குவிசை.

முதலில் எய்லரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் உள்ள அசையும் மடல்) இல்லாத, இறக்கை நுனிகள் மேல்நோக்கி உயர்ந்த மூன்று சேனல் விமானத்தில், அதாவது மூன்று தனிக் கட்டுப்பாடுகள் கொண்டதில், பழகுங்கள். காற்று அடங்கிய காலையில், மூன்று நான்கு தென்னை உயரத்துக்கு ஏற்றி, நேராகப் பறக்கவிட்டு, கையிலுள்ள ரேடியோ கருவியின் ரடர் குச்சியை இடப்புறம் கால்பங்கு மட்டும் நகர்த்திப் பிடியுங்கள். மூக்கு இடப்புறம் விலகியதும் வலது இறக்கை முன்னே வருகிறது. அதன் நுனி உயர்ந்திருப்பதால் காற்றைச் சந்திக்கும் கோணம் கூடி, தூக்குவிசையும் கூடி, விமானம் இடப்புறம் சாய்கிறது. இதற்குச் சிறு தாமதம் உண்டு. அதைப் பொறுக்காமல் குச்சியை முழுவதும் தள்ளுபவர்களே அதிகம்.

சாய்வு 30 பாகையை எட்டும்போது ரடரைத் தளர்த்தி, எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) குச்சியை உங்கள் பக்கம் சற்றே இழுங்கள். தூக்குவிசையில் ஒரு பங்கு திருப்பத்துக்குச் செலவாவதால், இழுக்காவிட்டால் உயரம் குறையும். சாய்வை மிகைப்படுத்த வேண்டாம்: உயரம் குறையாத திருப்பத்தில் 60 பாகைச் சாய்வு இறக்கையின் சுமையை இரட்டிப்பாக்கும், ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும்) ஏறக்குறைய 1.4 மடங்காகும். திருப்பம் முடிய, எதிர்ப்புறம் சிறிது ரடர் கொடுத்தால் இறக்கை நிமிரும்.

அடுத்து நான்கு சேனல் விமானம். இதில் எய்லரானே சாய்க்கிறது. ஆனால் மேலெழும் இறக்கையில் இழுவிசை கூடுவதால், இடப்புறம் சாயும் விமானத்தின் மூக்கு வலப்புறம் ஒதுங்கும். ரைட் சகோதரர்கள் 1902ஆம் ஆண்டின் கிளைடரில், அசையாத வால் துடுப்பை அசையும் ரடராக மாற்றியது இந்தச் சிக்கலுக்காகத்தான். எய்லரானுடன் அதே பக்கம் சிறிது ரடர் சேருங்கள். வால் திருப்பத்தின் உட்புறம் தொங்கினால் ரடர் போதவில்லை. வெளிப்புறம் வீசினால் மிகை.

தரையிறங்கும் கடைசித் திருப்பத்தில் மட்டும் இந்த மிகையை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வேகம் குறைந்த நிலையில் ரடரை அழுத்தினால் உள் இறக்கை ஸ்டாலாகி, விமானம் சுழன்று விழும். மீட்க உயரம் இராது. என் முதல் விமானம் அப்படித்தான் போனது.

உங்களை நோக்கி வரும் விமானத்தில் இடவலம் மாறித் தோன்றும். தடுமாறினால், தாழ்ந்த இறக்கை எப்பக்கம் தெரிகிறதோ அப்பக்கமே குச்சியைத் தள்ளுங்கள்.