அமெரிக்காவில் பிடிஏ ஆவது எப்படி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்க பிசியோதெரபி கிளினிக்கில் நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சைத் திட்டம் எழுதுபவர் பிடி, அதாவது பிசிகல் தெரபிஸ்ட். அந்தத் திட்டத்தின்படி பயிற்சி கொடுப்பவர் பிடிஏ, அதாவது லைசன்ஸ் பெற்ற உதவியாளர். திட்டத்தை மாற்றும் அதிகாரம் இவருக்குக் கிடையாது. கட்டிலைத் துடைத்து, கருவிகளை எடுத்து வைக்கும் எய்டு வேறு ஆள். சில மாதச் சான்றிதழ் வகுப்பு என்று விளம்பரம் வந்தால் அது எய்டு வேலைக்குத்தான்.

முதலில் விசாவைப் பாருங்கள். எச்1பி என்ற வேலை விசா கிடைக்க அந்த வேலைக்குக் குறைந்தது இளங்கலைப் பட்டம் தேவைப்பட வேண்டும். பிடிஏவுக்கு அசோசியேட் டிகிரியே (இரண்டு ஆண்டுப் பட்டம்) போதும் என்பதால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். கிரீன் கார்டில் பிடிக்கு உள்ள ஷெட்யூல் ஏ சலுகையும் (ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளுக்குத் தொழிலாளர் துறைச் சான்று தேவையில்லை என்ற விதி) இதற்கு இல்லை. ஏற்கெனவே வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கே இந்தப் படிப்பு லாபம். ஊரில் பிபிடி (பிசியோதெரபி இளங்கலை) முடித்தவர்கள் அவசரப்பட்டு இதில் சேர வேண்டாம். வெளிநாட்டுப் பிசியோதெரபி பட்டங்களை மதிப்பிடும் எஃப்சிசிபிடி அமைப்பிடம் பட்டத்தை மதிப்பீடு செய்து, பிடி லைசன்ஸுக்கு எத்தனை கிரெடிட் குறைகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்லூரியின் பிடிஏ படிப்புக்கு கேப்டி (பிசியோதெரபி படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஆண்டும் கட்டணமும் வீண். பட்டம் முடித்தவர், லைசன்ஸ் தேர்வில் தேறியவர் விகிதங்களைக் கல்லூரிகள் தங்கள் தளத்தில் வெளியிடும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பாதிப் பேரைக் கழித்துவிட்டு மீதிப் பேரில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுவது பெரிய சாதனை இல்லை. கட்டணம் குறைந்த அரசு கம்யூனிட்டி காலேஜ் கிடைத்தால் அதுவே நல்லது. தனியார் கல்லூரியில் பல மடங்கு கட்டினாலும் வருவது அதே லைசன்ஸ்தான்.

படிப்பு பொதுவாக ஐந்து செமஸ்டர். அதில் சுமார் 16 வாரம் க்ளினிக்கல், அதாவது நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி. சேருவதற்கு முன்பே அனாட்டமி-பிசியாலஜி இரண்டு பாகமும் லேபுடன் முடிக்கச் சொல்லும் இடங்கள் பல, அதனால் மூன்று ஆண்டு என்று கணக்குப் போடுங்கள்.

க்ளினிக்கல் தள்ளிப்போவது பெரும்பாலும் தடுப்பூசிச் சீட்டில்தான். வழக்கமான மூன்று தவணை ஹெபடைடிஸ் பி ஊசி முடிய 6 மாதம் ஆகும். முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். குழந்தையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோலில் போடும் காசநோய்ப் பரிசோதனை பாசிட்டிவ் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று இழுக்கும். ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். பிசிஜி அதைக் குழப்பாது.

லேப் தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதுதான். நோயாளியின் பலமான பக்கம் நாற்காலியைச் சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் பூட்டி, கால்மிதியை ஒதுக்குங்கள். இடுப்புப் பட்டையை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். மூக்கு கால்விரலுக்கு மேல் வரும்படி முன்னால் சாய்ந்தால்தான் எடை பாதத்துக்கு வரும். சாயாமல் எழுப்பினால் முழு எடையும் உங்கள் முதுகில். பிரேக்கை மறந்தால், மற்றதெல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் ஃபெயில் போடும் கல்லூரிகள் உண்டு.

லைசன்ஸுக்கான தேசியத் தேர்வான என்பிடிஇ ஆண்டுக்கு நான்கு முறை. 180 கேள்விகள், 4 மணி நேரம். 200 முதல் 800 வரையான அளவில் 600 எடுக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறையும் ஆயுளில் ஆறு முறையும்தான் எழுதலாம். பழகிப் பார்க்க என்று ஒரு வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள். சட்டத் தேர்வும் கேட்கும் மாநிலங்கள் உண்டு.

அரசுப் புள்ளிவிவரப்படி 2023 மே மாதத்தில் பிடிஏவின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 64,080 டாலர். இதைப் படிக்கட்டாக வைத்துப் பிடி ஆகிவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: ஓஹையோவின் ஃபிண்ட்லே பல்கலைக்கழகம் போல பிடிஏக்களுக்கென வழி வைத்திருக்கும் இடங்கள் மிகச் சில. மற்ற இடங்களில் இளங்கலையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதியோர் இல்ல வேலைக்கு நேர்காணலில் கூப்பிட்டால் 'ப்ரொடக்டிவிட்டி' எவ்வளவு என்று கேளுங்கள். 90 சதவீதம் என்றால் 8 மணி நேரத்தில் 432 நிமிடம் நோயாளியிடம் இருக்க வேண்டும். குறிப்பு எழுதுவது, அடுத்த அறைக்கு நடப்பது, நர்ஸிடம் பேசுவது, கழிப்பறை எல்லாம் மீதி 48 நிமிடத்துக்குள்.