“யாருக்கும் அடிபடலையே, அப்புறம் என்ன ரிப்போர்ட்?”

சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் சூப்பர்வைசராக, சேஃப்டி கோஆர்டினேட்டராக நம்மூர் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சைட்டில் ஏதாவது நடந்தால் முதல் போன் அவர்களுக்குத்தான் வரும். விஷயம் மனிதவள அமைச்சு வரை போகுமா, கன்டெய்னர் ஆபீசோடு முடிந்துவிடுமா என்பது பெரும்பாலும் அந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. தவறுகள் நடப்பதும் அப்போதுதான்.

தலைப்பில் இருக்கும் கேள்வியே முதல் தவறு. கான்கிரீட் ஊற்றும்போது அதைத் தாங்கும் அச்சுச் சட்டமான ஃபார்ம்வொர்க் சரிந்துவிட்டது, நல்லவேளையாக எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது ‘அபாயகரமான சம்பவம்’. கிரேன் கவிழ்ந்தாலும் அப்படித்தான். உடனே அமைச்சுக்குத் தகவல் சொல்ல வேண்டும், 10 நாளுக்குள் முழு அறிக்கையும் தர வேண்டும். ஒரு செங்கல் தலைக்குப் பக்கத்தில் விழுந்து தப்பித்த கதை இந்தப் பட்டியலில் வராது. அதை அமைச்சுக்கு அனுப்ப வேண்டியதில்லை, சைட் பதிவேட்டில் எழுதினால் போதும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்தது லைட் டியூட்டி, அதாவது அடிபட்டவருக்குக் கொடுக்கும் இலகுவான வேலை. முன்பெல்லாம் எம்.சி. (டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு) மூன்று நாளைத் தாண்டினால், அல்லது 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காயத்தை ரிப்போர்ட் செய்ய வேண்டும். அதனால் கால் விரல் உடைந்தவரைக்கூட லாரியில் ஏற்றிவந்து ஆபீசில் உட்கார வைத்து, ‘லைட் டியூட்டி’ என்று கணக்குக் காட்டியவர்கள் உண்டு. 2020 செப்டம்பர் 1 முதல் அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. வேலையில் பட்ட காயத்துக்கு டாக்டர் ஒரே ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், லைட் டியூட்டி என்று எழுதினாலும் ரிப்போர்ட் கட்டாயம். பழைய ‘மூணு நாள்’ கணக்கை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் சீனியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை நம்பாதீர்கள்.

நாள் கணக்கிலும் சறுக்குகிறார்கள். 3ஆம் தேதி முதுகு பிடித்துக்கொண்டவர் வெறும் சுளுக்கு என்று பேசாமல் இருந்துவிட்டு 6ஆம் தேதி சொன்னால், முதலாளிக்குத் தெரியவந்த 6ஆம் தேதியிலிருந்து 10 நாள். ஞாயிறும் தீபாவளியும் அதில் அடக்கம்.

யார் அனுப்புவது? “மெயின் கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டோம்” என்று சப் கான்ட்ராக்டர் கையைத் துடைத்துக்கொள்வது வழக்கம். அடிபட்டவரின் முதலாளிதான் காயத்தை ரிப்போர்ட் செய்ய வேண்டும், அவர் சப் கான்ட்ராக்டராக இருந்தாலும் சரி. அபாயகரமான சம்பவம் என்றால் அந்த இடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர், பெரும்பாலும் மெயின் கான்ட்ராக்டர், சொல்ல வேண்டும்.

இடத்தைச் சுத்தம் செய்துவிடுவது இன்னொன்று. மரணமோ அபாயகரமான சம்பவமோ நடந்தால், ஆளைக் காப்பாற்றவும் மேற்கொண்டு ஆபத்து வராமல் தடுக்கவும் தேவையானதைத் தவிர எதையும் நகர்த்தக் கூடாது. உடைந்த முட்டுக் குழாயை லாரியில் ஏற்றி அனுப்பினால் காரணமும் அதோடு போய்விடும்.

நோய்களை யாரும் நினைப்பதே இல்லை. ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டை உடைக்கும் பிரேக்கர் மெஷின் பிடித்தவருக்குக் காது மந்தமானாலும், சிமென்ட் பட்டுக் கை வெடித்தாலும், வேலையால் வந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது முதலாளி கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் ரிப்போர்ட் செய்ய வேண்டும்.

ரிப்போர்ட் செய்யாவிட்டால் முதல் தடவை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். மறுபடியும் அதே தவறைச் செய்தால் 10,000 வெள்ளி வரை, அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறைத்தால் வெளியே வராது என்று நினைக்கும் முதலாளிகள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: விபத்து நடந்து ஓராண்டுக்குள் தொழிலாளி இழப்பீடு கோரலாம். அப்படி அவர் விண்ணப்பம் போடும் அன்று, உங்கள் ரிப்போர்ட் எங்கே என்றுதான் அமைச்சு முதலில் கேட்கும்.