முகம் வரையாமல் ஒரு ரசிகர் போஸ்டர்

கல்ட் படத்துக்கு, அதாவது ஒரு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் படத்துக்கு, போஸ்டர் வரைய உட்காருகிற பலரும் நேராக நாயகன் முகத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் முகத்தைத் தொடுவதே இல்லை. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்கு ஒரே ஒரு பொருள் கண்ணில் பட்டாலே போதும், முழுப் படமும் மனதில் ஓடிவிடும்.

அந்தப் பொருளைக் கண்டுபிடிக்க, படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிடுங்கள். வசனம் இல்லாதபோதுதான் மேசையில் கிடப்பதும் கையில் இருப்பதும் கவனத்துக்கு வரும். 'பிளேடு ரன்னர்' என்ற ஹாலிவுட் அறிவியல் புனைகதைப் படம் எனக்கு உயிர். அதற்கு நான் எடுப்பது கடைசியில் வரும் பளபளப்பான காகித யூனிகார்ன், அதாவது மடித்துச் செய்த ஒற்றைக்கொம்புக் குதிரை. எந்தப் பதிப்பை வரைகிறோம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 1982இல் வெளியான பதிப்பில் யூனிகார்ன் கனவுக் காட்சி கிடையாது. 1992 பதிப்பில்தான் அது சேர்ந்தது, அதோடு அந்தக் காகித உருவத்தின் அர்த்தமே மாறிவிட்டது. கனவின் காட்டுப் பச்சையைப் பின்னணியில் வைத்தால் நீங்கள் வரைவது 1992 பதிப்பை. ரசிகர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள்.

சரி, வரையலாம். இணையத்தில் கிடைக்கும் ஸ்டில்லை அப்படியே டிரேஸ் செய்ய வேண்டாம். ஒரு ஃபாயில் துண்டை மடித்து, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். ஃபாயிலில் வெள்ளையும் கறுப்பும் ஒட்டி ஒட்டி நிற்கும், நடுவில் மெல்ல மங்கும் சாம்பல் அதிகம் இருக்காது. மடிப்பின் ஓரத்தில் கோடு போடாதீர்கள். இரண்டு பக்கமும் வெளிச்சம் வேறுபட்டால் ஓரம் தானாகவே தெரியும். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தீர்களோ, அது சாதாரணக் காகிதம் ஆகிவிடும்.

நிறம் மூன்று போதும். பிடித்த ஃபிரேம் ஒன்றை நன்றாகப் பிளர் செய்தால் திட்டுத் திட்டாக நிறங்கள் நிற்கும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் வரைந்ததைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பொருள் பின்னணியோடு கரைந்துபோனால் நிறத்தை மாற்றிப் பயனில்லை, வெளிச்சத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மியூசிக் வீடியோவில் வேலை வேறு. அங்கே பொருளைவிட அசைவுதான் அடையாளம். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு, காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். ஆ-ஹா என்ற பாப் இசைக்குழுவின் 'டேக் ஆன் மீ' (1985) வீடியோவை அப்படி நகர்த்திப் பாருங்கள். நடிகர்களைப் படம்பிடித்து, அதன்மேல் ஃபிரேம் ஃபிரேமாகப் பென்சிலால் வரைந்தார்கள். சுமார் 3,000 ஓவியங்கள். ஒவ்வொன்றும் புதிதாகக் கையால் போட்டது என்பதால் கோடு ஓயாமல் துடிக்கும். அந்தத் துடிப்பை விட்டுவிட்டு வழவழப்பான கோடு போட்டால் வீடியோவின் உயிரே போய்விடும். ஒரே உருவத்தின் வெளிக்கோட்டை இரண்டு மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக, சற்றே விலகி, வரையுங்கள்.

அச்சிடும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே ஏ3 அளவு, 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), அதாவது 3508 x 4961 பிக்சல். நியான் நிறங்கள் திரையில் மின்னும், அச்சில் மங்கும். சிறிய துண்டு ஒன்றை முதலில் அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள். விற்பதென்றால் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும், நம் கையால் வரைந்தது என்பதால் மட்டும் அந்த உரிமை நமக்கு வந்துவிடாது. படத்தின் பெயரைப் போஸ்டருக்குள் எழுதாதீர்கள். பகிரும்போது கீழே பெயரையும் பதிப்பையும் குறிப்பிட்டால் போதும்.