94-ஐத் தாண்டாத பிராட்பேண்ட்

300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) இணையத் திட்டத்துக்குப் பணம் கட்டியும் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. உதவி மையம் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னது; வைஃபை சானலை மாற்றச் சொன்னது; கடைசியில் விலை கூடிய திட்டத்துக்கு மாறச் சொன்னது. அந்த அக்கறைக்கு மட்டும் குறைவில்லை!

ரவுட்டரில் லேப்டாப்பைக் கேபிள் வழியே இணைத்தாலும் 94, நள்ளிரவிலும் 94. நெரிசல் என்றால் வேகம் ஏறி இறங்கும். இது அசையவே இல்லை. ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பிகளில் பழுப்புக் கம்பி மட்டும் முனையின் உலோகப் பின்னைத் தொடாமல் உள்வாங்கியிருந்தது. கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்புக்கு எட்டும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு நான்கே போதும். அதனால்தான் இணைப்பு அறுபடாமல், 100-க்குள் அடங்கி ஓடியிருக்கிறது.

கேட்-6 வகை நெட்வொர்க் கேபிள் ஒன்றை வாங்கி மாற்றினேன். ரவுட்டர் பக்கத்தில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டியது. சோதனையில் 290-ஐத் தாண்டியது. அப்பாடா!