எஸ்.பி. ரோட்டில் சர்ப்ளஸ் வேட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சொன்ன விலையை அப்படியே கொடுக்காதீர்கள், மல்டிமீட்டரை மறக்காதீர்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பெங்களூரில் பழைய அளவைக் கருவிகளை வாங்கிப் பழுது பார்ப்பது என் தொழில். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளும், வேலையில் சேர்ந்த கையோடு வீட்டிலேயே ஒரு சின்ன லேப் போட ஆசைப்படுகிறவர்களும் சர்ப்ளஸ் சாமானை, அதாவது கம்பெனிகள் கழித்துவிட்ட, மீந்துபோன பொருளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்து காசை இழப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

முன்கடையோடு திரும்பிவிடுவது

கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கினாலும் சரி, சிக்பேட்டில் இறங்கினாலும் சரி, சதர் பத்ரப்பா ரோடு நடந்து போகிற தூரம்தான். எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான அதைத்தான் எல்லோரும் எஸ்.பி. ரோடு என்கிறோம். ரோட்டைப் பார்த்திருக்கும் கடைகளில் லேப்டாப், கேபிள், அர்டுயினோ போர்டு, சென்சார் என்று பெரும்பாலும் புதுச் சாமான்தான். நாம் தேடுவது சந்துக்குள்ளே, மாடிப்படிக்கு மேலே, பின்பக்க குடோனில் கிடக்கும். மீதி, சென்னையில் காயலான் கடை என்று சொல்கிற குஜ்ரிக் கடைகளில் இருக்கும்.

உள்ளே போனதும் பார்ட் நம்பரைச் சொல்லி "இது இருக்கா?" என்று கேட்காதீர்கள். சர்ப்ளஸ் கடைக்காரரிடம் கேட்டலாக் கிடையாது. எந்த இடத்தைக் காலி செய்தார்களோ அந்த இடத்துச் சாமான்தான் அவரிடம் இருக்கும். இந்த ஊரில் 1948-ல் டெலிபோன் கருவி செய்யும் ஐ.டி.ஐ. வந்தது, 1954-ல் ராணுவ எலக்ட்ரானிக்ஸ் செய்யும் பி.இ.எல். வந்தது. எச்.ஏ.எல்., எச்.எம்.டி., ஆராய்ச்சிக் கூடங்கள் என்று பெரிய பட்டியலே உண்டு. இப்படிப்பட்ட நிறுவனங்கள் கழிக்கிற பொருள் ஏலத்துக்குப் போய், எடுத்தவரிடமிருந்து நாலு கை மாறிக் கடைக்கு வரும். இப்போது ஐ.டி. கம்பெனிகள் சர்வர் ரூமைக் காலி செய்தால் வருகிற சரக்கே வேறு. அதனால் "அண்ணா, புதுசா என்ன லாட் வந்திருக்கு?" என்று கேளுங்கள். லாட் என்றால் மொத்தமாக வந்து இறங்கிய சரக்கு. பாய் கடையானால் "பாய்" என்றே கூப்பிடுங்கள். தமிழ் தெரியாத கடைக்காரரிடம் கன்னடமோ இந்தியோ கொஞ்சம் தெரிந்தாலே போதும், உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை

எஸ்.பி. ரோட்டுக்குப் போகாதீர்கள், பாதிக் கடைக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். அன்றைக்குக் காலையில் போக வேண்டிய இடம், தெருவில் கூடுகிற பழைய சாமான் சந்தையான சண்டே பஜார்.

"ஆன் ஆகுதே" என்று நம்பி வாங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இது ஒன்றுதான். பணமும் அதிகம் போவது இதில்தான்.

அல்சூரைச் சேர்ந்த ஒரு தம்பி, கடைசி வருஷ மாணவன், சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டுகிற ஆசிலோஸ்கோப் ஒன்றை, இரண்டு சேனல் அனலாக் வகை, 6,000 ரூபாய்க்கு வாங்கி ஆட்டோவில் வைத்து என்னிடம் கொண்டுவந்தான். முகமெல்லாம் சந்தோஷம். "ஆன் ஆகுது அண்ணா, கோடு கூடத் தெரியுது" என்றான். திரையில் பச்சைக் கோடு அழகாகத்தான் ஓடியது. சிக்னல் கொடுத்ததும் முதல் சேனலில் கோடு அசையவே இல்லை. இரண்டாவது சேனலில் அலையின் மேல்பாதி வெட்டுப்பட்டு வந்தது. கழற்றிப் பார்த்தால் செத்துப்போயிருந்தது, சிக்னலைப் பெருக்குகிற வெர்டிகல் ஆம்ப்ளிஃபயர் சிப். அந்தக் கருவிக்கென்றே கம்பெனிக்காரர்கள் செய்த சிப் அது, வெளியே எங்கும் கிடைக்காது. மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறான். "பார்த்துத்தானே தம்பி வாங்கினீங்க?" என்றாராம் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் ஆன் ஆவது மட்டும்தான் தெரியும்.

அந்தக் கோடு சொல்வது இவ்வளவுதான்: பவர் சப்ளை உயிரோடு இருக்கிறது, பிக்சர் டியூப் எரிகிறது, கோட்டை இடமிருந்து வலமாக இழுக்கிற ஸ்வீப் வேலை செய்கிறது. சிக்னலை வாங்கிப் பெருக்கிக் காட்டுகிற பகுதியைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. அலையை ஓடாமல் நிறுத்துகிற ட்ரிகர் சரியா என்பதும் அதில் தெரியாது. காசு கொடுத்து வாங்குவதே அந்த இரண்டுக்காகத்தான்.

ஆகவே சிக்னலை ஸ்கோப்புக்குள் கொண்டுவருகிற ஒயரான புரோபைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெரும்பாலான ஸ்கோப்களின் முன்பக்கத்தில் 'கேல்' என்று எழுதிய சின்னக் கம்பி முனை ஒன்று இருக்கும். அதிலிருந்து வழக்கமாக 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வரும், அதில் புரோபை மாட்டுங்கள். சதுரம் சதுரமாக வருகிறதா, மேல் கோடும் கீழ்க் கோடும் தட்டையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வோல்ட்ஸ்/டிவிஷன் குமிழை ஒவ்வொரு படியாகத் திருப்பினால் அலையின் உயரமும் அதே கணக்கில் மாற வேண்டும். ஏதாவது ஒரு படியில் குதித்தாலோ காணாமல் போனாலோ, சிக்னலைப் படிப்படியாகக் குறைக்கிற அட்டெனுவேட்டரில் கோளாறு. இரண்டு சேனலுக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள். டைம்/டிவிஷன் குமிழையும் முழுக்கத் திருப்புங்கள். ட்ரிகர் லெவலைத் திருப்பி அலையின் உயரத்துக்குள் வைத்தால் படம் அசையாமல் நிற்க வேண்டும். அப்புறம் அணைக்காமல் இருபது நிமிஷம் ஓட விடுங்கள், பக்கத்தில் டீ குடித்துவிட்டு வரலாம். சூடேறிய பிறகு தலைகாட்டும் கோளாறுகள் நிறைய உண்டு. இருபது நிமிஷம் தர மாட்டேன் என்கிற கடையில் அந்தக் கருவிக்கு உதிரிபாக விலை பேசுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பவர் சப்ளையிலும் இதே கதைதான். மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும், வீட்டில் மோட்டாரை மாட்டியதும் 7-க்கு இறங்கிவிடும். லோடு இல்லாமல் அளந்த வோல்டேஜை நம்பவே நம்பாதீர்கள். நான் கையோடு இரண்டு வண்டி பல்புகளை ஒயர் வைத்து எடுத்துப் போவேன். ஒன்று 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட்டில் 2 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். இன்னொன்று 60 வாட் ஹெட்லைட் பல்பு, 5 ஆம்பியர் இழுக்கும். முதலில் சின்னதை மாட்டுங்கள். இழை குளிர்ந்திருக்கும்போது பல்பு பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால், பெரியதை எடுத்த எடுப்பில் மாட்டினால் நல்ல சப்ளைகூடப் பாதுகாப்புக்காக அணைந்துவிடலாம். பல்பு எரியும்போதே மீட்டரைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் வோல்டேஜ் இறங்காமல் நின்றால் வாங்கலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. கம்ப்யூட்டரில் இருப்பது மாதிரியான ஸ்விட்ச்சிங் பவர் சப்ளையை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். சில பழைய எஸ்.எம்.பி.எஸ். கொஞ்சமாவது லோடு இருந்தால்தான் கிளம்பும். சர்வர் பவர் சப்ளை என்றால் அதற்கென்று உள்ள பின்னை இணைத்தால்தான் 12 வோல்ட் வரும். செத்துப்போச்சு என்று ஓரம்கட்டிய குவியலில் நல்ல சப்ளைகள் கிடப்பது இதனால்தான். டெலிகாம் ரெக்டிஃபயரைப் பார்த்தால் மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். செல்போன் டவரிலிருந்து வருவது 48 வோல்ட், உங்கள் 12 வோல்ட் வேலைக்கு ஆகாது.

பின்பக்கம் பார்க்காமல் பிளக்கைச் செருகுவது

அமெரிக்காவிலிருந்து வந்த கருவியில் வோல்டேஜ் ஸ்விட்ச் 115-ல் இருக்கலாம். நம் ஊர் லைன் 230.

ஒரே ஒரு லாட்டை நம்பி டிசைன் போடுவது

காலேஜ் புராஜெக்ட்டில் தொடங்கிச் சின்னத் தொழில் வரைக்கும் போகிற தவறு. படிப்படியாகத் திரும்புகிற அருமையான ஸ்டெப்பர் மோட்டார் மலிவாகக் கிடைக்கும். மெஷினுக்கு நாலு வாங்கி, அதன் அளவுக்கே பிராக்கெட் அடித்து, அதற்கே போர்டும் போட்டுவிடுவார்கள். மெஷின் நன்றாக ஓடும், யாராவது இன்னும் பத்து கேட்பார்கள். கடைக்குப் போனால் லாட் தீர்ந்திருக்கும். அது எங்கோ ஒரு தொழிற்சாலையில் மீந்துபோன சரக்கு, மறுபடி வராது. பத்து செய்யும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பத்துக்கும் ஸ்பேருக்கும் சேர்த்து அன்றைக்கே வாங்குங்கள். இல்லையென்றால் நெமா 17, நெமா 23 மாதிரி புதிதாகவும் கிடைக்கிற ஸ்டாண்டர்டு அளவில் தேடுங்கள், லாட் தீர்ந்தாலும் அதே பிராக்கெட்டில் புது மோட்டார் உட்காரும்.

9,900 எம்.ஏ.எச். என்று அச்சடித்த 18650 செல்

பொய். லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கிற மாதிரி உருளை லித்தியம் செல் இது, நல்ல கம்பெனி செல்லே 3,500 வாக்கில்தான் தரும்.

என்னவென்று தெரியாததைத் திறப்பது

லேப் சாமான் குவியலில் மூவிதழ்க் கதிர்வீச்சுச் சின்னம் போட்ட எதையும் தொடாதீர்கள், கடைக்காரரையும் தொட விடாதீர்கள். 2010-ல் டெல்லி மாயாபுரியில் நடந்ததை மறக்க முடியாது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை ஏலத்தில் கழித்த காமா கதிர்வீச்சுக் கருவியைப் பழைய சாமான் கடையில் பிரித்துவிட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. ஒருவர் இறந்தார், பலருக்குக் கதிர்வீச்சுப் பாதிப்பு. பிரித்தவர்களுக்குத் தங்கள் கையில் இருப்பது என்னவென்றே தெரியாது.

சின்ன அளவில் சொன்னால், ரேடியோ கருவிகளில் வருகிற, வெள்ளைப் பீங்கான் வைத்த ஆர்.எஃப். பவர் டிரான்சிஸ்டரை உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். அதில் பெரிலியம் ஆக்சைடு இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். பிக்சர் டியூப் உள்ள கருவியின் மூடியை அணைத்த கையோடு கழற்றாதீர்கள், உயர் வோல்டேஜ் உள்ளேயே தங்கியிருக்கும்.

ஒரு தடவை போய் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவது

சரக்கு வந்து இறங்கும் நாள் கடைக்காரருக்கே முன்கூட்டித் தெரியாது. போன் நம்பரைக் கொடுத்து, உங்களுக்கு வேண்டிய கருவியின் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பி வையுங்கள். பெயர் ஞாபகம் இருக்காது, படம் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். லாட் வந்ததும் போட்டோ அனுப்புவார். அன்றைக்கே போய்ப் பாருங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள், அவர் அடுத்த ஆளுக்குக் காட்ட வேண்டும்.