க்ளோ, க்ளீம், க்ளிட்டர்: எந்த வெளிச்சத்துக்கு எந்தச் சொல்?

ஆங்கிலத்தில் எழுதப் பழகுபவர்களைத் திணறடிப்பவை பெரிய சொற்கள் இல்லை. க்ளோ, க்ளீம், க்ளின்ட், க்ளிட்டர், ஷிம்மர் மாதிரியான சின்னச் சொற்கள்தான். அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ஒளிர், மின்னு, பளபள என்றுதான் போட்டிருக்கும். அதை நம்பி எழுதினால் வியர்வை ட்விங்கிள் ஆகிவிடும், நட்சத்திரம் க்ளிஸன் ஆகிவிடும், இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் படிக்கிறவருக்கு இடறும். அதனால் பொருளை மனப்பாடம் செய்ய வேண்டாம். எழுதப்போகிற வெளிச்சத்தைக் கண்முன் கொண்டுவந்து சில கேள்விகள் கேளுங்கள், சொல் தானாக வந்து நிற்கும்.

படி 1: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

பொருளே ஒளிர்கிறதா, மேலே விழும் ஒளியைத் திருப்பிவிடுகிறதா? இதுதான் முதல் கேள்வி. அடுப்பில் சுவாலை அடங்கிய பிறகு கனன்றுகொண்டிருக்கும் கங்கு, இருட்டில் மின்மினி, உலைக்களத்தில் காய்ந்த இரும்பு, இதெல்லாம் க்ளோ. இரும்பு சுமார் 525 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மங்கலாகச் சிவக்க ஆரம்பிக்கும், அந்தச் சிவப்புதான் க்ளோவுக்குச் சரியான உதாரணம்: சுவாலை இல்லை, துடிப்பு இல்லை, உள்ளிருந்து வரும் நிதானமான ஒளி. கொழுந்துவிட்டு எரிந்தால் அது ப்ளேஸ்.

புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்த பித்தளைச் செம்பு அப்படியில்லை. சன்னல் வெளிச்சம் அதன்மேல் பட்டுத் திரும்புகிறது. அது க்ளீம். வழவழப்பும் சுத்தமும் இருந்தால்தான் க்ளீம் வரும், தூசி படிந்த செம்புக்கு அந்தச் சொல்லைப் போடாதீர்கள்.

படி 2: ஈரமா?

ஈரமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் பெரும்பாலும் க்ளிஸன்தான். நெற்றி வியர்வை, புல்மேல் பனி, ததும்பும் கண்ணீர். எழுத்தில் நடுவே ஒரு டி இருக்கும், வாயில் வராது. க்ளிஸ்டன் என்று சொல்லிவிடாதீர்கள்.

படி 3: நிலையாக இருக்கிறதா, அசைகிறதா?

இங்கேதான் ஆங்கிலம் நுணுக்கம் காட்டுகிறது. ஒரே ஒரு முறை, ஒரு சின்னப் புள்ளியிலிருந்து சுருக்கென்று வந்து மறைந்தால் க்ளின்ட்: கத்தியைத் திருப்பும்போது விளிம்பில் தெரிவது. அதுவே கண்ணெதிரே எல்லாவற்றையும் வெளுக்கச் செய்கிற பளீர் என்றால் ஃப்ளாஷ்: மின்னல், கேமரா. பல புள்ளிகள் மாறி மாறி மின்னினால் க்ளிட்டர் அல்லது ஸ்பார்க்கிள். சரிகைக்கும் சமிக்கிக்கும் க்ளிட்டர் பொருந்தும், கொஞ்சம் பகட்டும் குளிர்ச்சியும் ஒட்டிக்கொண்ட சொல் அது. ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்பதன் ஆங்கில வடிவத்தில் வருவதும் அதுதான். ஸ்பார்க்கிளில் உயிர்த்துடிப்பு இருக்கிறது, குமிழி பொங்கும் சோடா தண்ணீரைக்கூட ஸ்பார்க்ளிங் வாட்டர் என்பார்கள்.

மினுக் மினுக் என்றால் ட்விங்கிள். நட்சத்திரம் ஒரு புள்ளியாகத் தெரிவதால், காற்றடுக்குகள் அதன் ஒளியை அலைக்கழிக்கும்போது மினுக்குகிறது. கோள்கள் சின்ன வட்டாகத் தெரிவதால் அவ்வளவாக மினுக்குவதில்லை. ஆகவே வெள்ளிக் கோளுக்கு ஷைன் போதும். அணையப்போகும் விளக்கு, சோக் போன டியூப் லைட் என்றால் ஃப்ளிக்கர். தூரத்தில் தெரிகிறதா இல்லையா என்ற அளவில் மங்கலாக நடுங்கினால் க்ளிம்மர், கடைசியாக ஒட்டியிருக்கும் நம்பிக்கையை க்ளிம்மர் ஆஃப் ஹோப் என்பது இதனால்தான். பட்டுத்துணியிலும் வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலைக்கு மேலேயும் அலையலையாக நெளிவது ஷிம்மர்.

இவற்றில் எத்தனை சொற்கள் ‘க்ள’ என்று தொடங்குகின்றன பாருங்கள். இப்படி ஓர் ஒலிக்கூட்டு ஒரு பொருளோடு ஒட்டிக்கொள்வதற்கு மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1930இல் ஃபோனஸ்தீம் என்று பெயர் வைத்தார்.

படி 4: கண் கூசுகிறதா?

கூசினால் க்ளேர். எதிரே வரும் லாரி ஹை பீமைக் குறைக்காதபோது முகத்தில் அடிப்பது க்ளேர், அதனால் ஒரு கணம் ஒன்றும் தெரியாமல் போவது டாஸில். இரண்டில் டாஸில் மட்டும் பாராட்டாகவும் வரும்.

படி 5: மனிதரின் கண்ணுக்கு வாருங்கள்

தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள், இங்கே ஒரு சொல் மாறினால் ஆளே மாறிவிடுவார். தாத்தாவின் கண்ணில் ட்விங்கிள் என்றால் குறும்பும் அன்பும். குழந்தையின் கண் ஸ்பார்க்கிள் ஆனால் உற்சாகம். க்ளீம் என்றால் மனதில் ஏதோ திட்டம் ஓடுகிறது. க்ளின்ட் என்று எழுதினால் அந்த ஆளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறீர்கள், க்ளிட்டர் என்றால் பேராசையோ காய்ச்சலோ கோபமோ இருக்கலாம். க்ளேர் என்பது நேரடியான முறைப்பு. ஆனால் பெருமிதத்தில் முகம் பூரித்தால் க்ளோ, முகமெல்லாம் சிரிப்பாக மலர்ந்தால் பீம். கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது இன்னொரு தடவை படிக்கலாம்.

படி 6: ஒரு பயிற்சி

‘ஆறு மின்னியது’ என்ற ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலா வெளிச்சத்தில் மெல்ல நெளிகிற ஆறு என்றால் ஷிம்மர்ட். நடுப்பகல், நல்ல காற்று, ஆயிரம் சிற்றலைகள் என்றால் க்ளிட்டர்ட் அல்லது ஸ்பார்க்கிள்ட். ஓடும் ரயிலிலிருந்து மரங்களுக்கு நடுவே ஒரு கணம் மட்டும் பார்த்தால் க்ளின்டட். அலையே இல்லாமல் தகடு மாதிரி கிடந்தால் க்ளீம்ட். அப்புறம் மழை விட்ட சாலை, கோயில் குத்துவிளக்கு, மீன் செதில் என்று ஒவ்வொன்றாக எடுத்து நீங்களே இதே கேள்விகளைக் கேட்டு எழுதிப் பாருங்கள்.