ஆல்-இன்க்ளூசிவ் ரிசார்ட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

அறை, சாப்பாடு, பானங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் இடம்தான் ஆல்-இன்க்ளூசிவ் ரிசார்ட். விடுமுறைக்கு அப்படி ஒன்றைத் தேட ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் எல்லாமே ஒன்றுபோலத் தெரியத் தொடங்கிவிடும். எங்கும் நீல நீச்சல்குளம், வெள்ளை மணல், ‘எல்லாம் அடக்கம்’ என்ற வரி. படங்களைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எது கட்டணத்தில் சேரும், எது சேராது என்ற பட்டியலைப் படித்தால்தான் தெரியும். குழந்தைகள், முதியவர்கள் எல்லோரும் சேர்ந்து போகும் பயணத்துக்காக நான் தேடியபோது கடைப்பிடித்த வரிசையைக் கீழே தருகிறேன். விமான டிக்கெட், விசா பற்றியெல்லாம் இதில் எழுதவில்லை.

படி 1: உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள்

விடுமுறையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று காலை முதல் இரவு வரை எழுதிப் பாருங்கள். பாதி நாட்கள் ஊர் சுற்றப் போகிறீர்கள் என்றால், சாப்பிடாத மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள். அப்படிச் சுற்றுகிறவர்களுக்குக் காலையும் இரவும் மட்டும் உணவு தரும் திட்டமே போதும்.

புக்கிங் பக்கங்களில் இதற்கெல்லாம் இரண்டு ஆங்கில எழுத்துகள் கொண்ட குறிகள் இருக்கும். பிபி (BB) என்றால் காலை உணவு மட்டும். எச்பி (HB) என்றால் காலையும் இன்னொரு வேளையும், பெரும்பாலும் இரவு. எஃப்பி (FB) என்றால் மூன்று வேளை. ஏஐ (AI, அதாவது ஆல்-இன்க்ளூசிவ்) என்றால் மூன்று வேளையோடு பானங்கள், இடைப்பட்ட நேரச் சிற்றுண்டி, சில பொழுதுபோக்குகள். எஃப்பிக்கும் ஏஐக்கும் நடுவில் உள்ள பெரிய வித்தியாசம் பானங்கள்தான். எஃப்பியில் சாப்பாட்டு மேசையில் வைக்கும் தண்ணீருக்குக்கூடத் தனியாகப் பில் போடும் இடங்கள் உண்டு.

மாலத்தீவில் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட். வெளியே நடந்துபோய்ச் சாப்பிட இடமே கிடையாது. அப்படிப்பட்ட இடத்துக்கு எஃப்பி அல்லது ஏஐ எடுப்பதுதான் சரி.

படி 2: இடத்தையும் மாதத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

ரிசார்ட்டை முதலில் பிடித்துவிட்டு மாதத்தை அப்புறம் பார்க்காதீர்கள். விலை திடீரென்று இறங்கியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் வானிலை.

அட்லாண்டிக் பகுதியில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் நடுவாக்கில். மெக்சிகோவின் கான்கூன், டொமினிகன் குடியரசின் புன்டா கானா, ஜமைக்கா எல்லாம் இந்த வட்டத்துக்குள் வரும். கரீபியன் தீவுகளான அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும் தெற்கே தள்ளி இருப்பதால் அவற்றைப் புயல் தாக்குவது அரிது. அந்த மாதங்களில்தான் லீவு கிடைக்கும் என்றால் நான் அங்கேதான் தேடுவேன்.

கரீபியனில் இன்னொன்றும் இருக்கிறது. 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி பெருமளவில் கரை ஒதுங்குகிறது. வசந்தத்திலும் கோடையிலும் அதிகம். அழுகினால் நாற்றமும் அடிக்கும். கிழக்கு நோக்கிய கடற்கரைகளுக்குத்தான் பாதிப்பு கூடுதல். மெக்சிகோவின் கொசுமெல் தீவின் மேற்குப் பக்கம் பெரும்பாலும் தப்பித்துவிடும். ரிசார்ட்டின் இணையதளத்தில் இதைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள்.

மாலத்தீவில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. துருக்கியின் அன்டால்யா கோடைக்கால இடம், குளிரில் பல ரிசார்ட்டுகளை மூடிவிடுவார்கள். தான்சானியாவின் சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில் நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். படங்களை நீர் ஏறியிருக்கும்போதுதான் எடுக்கிறார்கள். எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் பல ரிசார்ட்டுகளில் கரையை ஒட்டியே பவளப்பாறை இருப்பதால், நீண்ட மரப்பாலத்தில் நடந்துபோய் ஆழத்தில் இறங்க வேண்டும். நீருக்குள் பார்க்கும் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்கிறவர்களுக்கு அது சொர்க்கம். மணலில் உட்கார்ந்து விளையாடும் சின்னக் குழந்தைக்கு உதவாது.

இதற்கு நான் நம்பும் கருவி ஒன்றே ஒன்று, செயற்கைக்கோள் வரைபடம். ரிசார்ட்டின் பெயரைப் போட்டுப் பெரிதாக்கிப் பாருங்கள். கடற்கரை எந்தத் திசையை நோக்கி இருக்கிறது, எவ்வளவு அகலம், நடுவில் நெடுஞ்சாலை போகிறதா, பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறதா, கடைசி அறையிலிருந்து சாப்பாட்டுக்கூடம் எவ்வளவு தூரம் என்று எல்லாம் தெரிந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் இந்தத் தூரத்தைக் கட்டாயம் அளந்து பாருங்கள்.

படி 3: அடக்கப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள்

என்னை ரொம்ப நேரம் பிடித்துவைத்தது இந்தப் படிதான். ‘ஆல்-இன்க்ளூசிவ்’ என்று போட்டுக்கொள்ள உலகப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு ரிசார்ட்டும் தன் பட்டியலைத் தானே எழுதிக்கொள்கிறது. இது இன்று வந்த பழக்கமும் இல்லை. 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் தொடங்கிய கிளப் மெட் என்ற விடுமுறை நிறுவனம்தான் இந்த வகை விடுமுறைக்கு முன்னோடி. அங்கேகூட எல்லாமே கட்டணத்தில் சேரவில்லை. பாரில் குடிப்பதற்கு வண்ண மணிகளைக் காசாகக் கொடுக்கும் முறை பல ஆண்டுகள் இருந்தது.

பட்டியலில் நான் தேடும் இடங்கள் இவை:

முதலில் நேரம். ஏஐ 24 மணி நேரமா, காலை 10 முதல் இரவு 11 வரைதானா? நள்ளிரவில் விமானம் இறங்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அடுத்து உணவகங்கள். ‘ஏழு உணவகங்கள்’ என்று போட்டிருப்பார்கள். அதில் பஃபே மட்டும் தினமும் தாராளம், மற்றவற்றில் முன்பதிவு வேண்டும், அதுவும் மொத்தத் தங்கலுக்கும் ஒருமுறைதான் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். முன்பதிவு வந்திறங்கிய பிறகுதானா, வீட்டிலிருந்தே செய்யலாமா என்று பாருங்கள். மாலையில் ஆண்களுக்கு முழுக்கால் பேன்ட் கட்டாயம் என்ற விதியும் பல இடங்களில் உண்டு.

பானங்களில் ‘உள்ளூர்த் தயாரிப்புகள்’ என்ற வரி இருந்தால், இறக்குமதியானவற்றுக்குத் தனிக் காசு என்று புரிந்துகொள்ளுங்கள். சில இடங்களில் சட்டமே எல்லை போடுகிறது. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் மகலூஃப் போன்ற சில பகுதிகளில் 2020இல் கொண்டுவந்த விதிப்படி, ஏஐ விருந்தினருக்கு மதுபானம் நாளுக்கு 6 மட்டுமே, அதுவும் சாப்பாட்டு நேரத்தில்.

விளையாட்டில் மோட்டார் இருக்கிறதா என்பதுதான் கோடு. துடுப்புப் படகு, ஸ்நார்க்கல் (நீருக்குள் பார்க்கும் கண்ணாடியும் மூச்சுக்குழாயும்) போன்றவை பெரும்பாலும் அடக்கம். ஜெட் ஸ்கி, பாராசெய்லிங் பெரும்பாலும் வெளியே. மோட்டார் இல்லாவிட்டாலும் ஸ்கூபாவும் (ஆழ்கடல் மூழ்கல்) அப்படித்தான். ஸ்பா அநேகமாக எப்போதும் வெளியே. அறையில் உள்ள மினிபார் தினமும் நிரப்பப்படுமா, முதல் நாள் மட்டுமா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, ஒரே வளாகத்துக்குள் இரண்டு வகுப்புகள். கையில் கட்டும் பட்டையின் நிறத்தை வைத்துத்தான் எந்தக் குளத்துக்கு, எந்த உணவகத்துக்குப் போகலாம் என்று பிரிப்பார்கள். விளம்பரப் படத்தில் நீங்கள் ஆசைப்பட்ட குளம் உயர்வகுப்பு அறைக்காரர்களுக்கு மட்டுமானதாக இருக்கலாம். ‘பக்கத்து ரிசார்ட் வசதிகளையும் பயன்படுத்தலாம்’ என்ற வரியும் பல நேரம் ஒருவழிதான். அவர்கள் இங்கே வரலாம், இங்கிருந்து அங்கே போக முடியாது.

படி 4: குழந்தைகளின் வயது

விலை போடும்போது குழந்தைக்கு எத்தனை வயதுவரை சலுகை என்பது ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும். 12 வயதுக்காரரைச் சில ரிசார்ட்டுகள் குழந்தையாகக் கணக்கிடும், சில பெரியவராக. பயணத்துக்கு நடுவில் பிறந்தநாள் வந்தால் எந்தத் தேதியின் வயதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். குழந்தைகள் கிளப் பெரும்பாலும் 4 வயதிலிருந்துதான். அதற்குக் கீழே என்றால் தனிக் கட்டணத்தில் ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

படி 5: ரிவ்யூ படிக்கும் முறை

ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் கொடுத்தவற்றை விட்டுவிடுங்கள். மூன்று நட்சத்திரக்காரர்கள்தான் நல்லதையும் கெட்டதையும் நிதானமாக எழுதுகிறார்கள். ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்திவிட்டு, நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதியவற்றைத் தேடுங்கள். தேடல் பெட்டியில் வரிசை, சாய்வு நாற்காலி, வயிறு, சத்தம், பூஞ்சை, கட்டட வேலை என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பாருங்கள். விடியும் முன்பே துண்டு போட்டுச் சாய்வு நாற்காலிகளைப் பிடித்துவிடுகிறார்கள் என்று பலர் எழுதியிருந்தால், அந்த இடத்தில் ஆட்களின் எண்ணிக்கைக்கு வசதி போதவில்லை என்று அர்த்தம்.

விருந்தினர்கள் நடந்துகொண்டே எடுத்துப் போடும் வெட்டாத வீடியோக்கள் ரொம்ப உதவும். ஆள் கூட்டம், இசையின் சத்தம், மாடிப்படிகள் எல்லாம் அதில் தெரியும்.

படி 6: ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்

தொலைபேசி வேண்டாம். எழுத்தில் வந்த பதில்தான் பின்னால் கைகொடுக்கும். பட்டியலில் தெளிவில்லாதவற்றைச் சேர்த்து ஐந்தாறு கேள்விகளாக அனுப்புங்கள். நான் தவறாமல் கேட்பவை: எங்கள் தேதிகளில் பராமரிப்பு வேலை எதுவும் உண்டா, எந்தக் குளமாவது மூடியிருக்குமா? செக்-அவுட் நாளில் எத்தனை மணிவரை சாப்பிடலாம்? குறிப்பிட்ட உணவு ஒவ்வாமையை எப்படிக் கையாளுகிறீர்கள்? அங்கே வந்தபின் கட்ட வேண்டிய வரி அல்லது கட்டணம் எதுவும் உண்டா?

கேள்விகளை ஒதுக்கிவிட்டு விளம்பர வாசகத்தை மட்டும் திருப்பி அனுப்பும் ரிசார்ட்டை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

படி 7: விலையை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள்

ஒப்பீட்டுத் தளங்களைவிட நாமே போடும் ஒரு எக்செல் தாள் மேல். ஒரு தளம் அறைக்கு விலை சொல்லும், இன்னொன்று ஆளுக்குச் சொல்லும். சில இடங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறிகள் இருக்கும். சேவைக் கட்டணமும் வரியும் அதற்கு மேல் என்று பொருள். மாலத்தீவில் ஆளுக்கு, இரவுக்கு என்று பசுமை வரியும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டி, ஆள் எண்ணிக்கையாலும் இரவுகளாலும் வகுத்தபின் வரும் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். விமானநிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்குப் போகும் செலவையும் இந்தத் தாளில் ஒரு நிரலாகப் போடுங்கள்.

புக்கிங்கைப் பொறுத்தவரை, விமானமும் ரிசார்ட்டும் சேர்ந்த பேக்கேஜா, தனித்தனியா என்பதில் விலை மட்டும் விஷயமில்லை. பிரிட்டனின் தாமஸ் குக் சுற்றுலா நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று மூடியபோது, வெளிநாட்டில் இருந்த சுமார் 1,50,000 பேரை பிரிட்டன் அரசு ஊருக்குக் கொண்டுவந்தது. பேக்கேஜாக வாங்கியவர்களுக்கு அங்கே ஏட்டோல் என்ற பாதுகாப்புத் திட்டம் இருந்தது. உங்கள் நாட்டில் அப்படி ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். அப்படி ஏதும் இல்லையென்றால், இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள கட்டணத்தைச் சற்றுக் கூடுதலானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பலர் கேட்டது மாலத்தீவுப் போக்குவரத்து பற்றி. தூரத்துத் தீவுகளுக்கு அழைத்துப்போகும் கடல் விமானங்கள் (நீரில் இறங்கும் சிறு விமானங்கள்) பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலைக்கு மேல் தலைநகர் மாலே வந்து இறங்கினால், அன்றிரவு அங்கேயோ பக்கத்து ஹுல்ஹுமாலேயிலோ தங்க வேண்டிவரும். ரிசார்ட்டுக்குக் கட்டிய முதல் இரவும் வீணாகும். ஆகவே விமான நேரத்தை ரிசார்ட்டுக்கு அனுப்பி, அன்றே கொண்டுபோய்ச் சேர்ப்பார்களா என்று உறுதி வாங்கிய பிறகே டிக்கெட் எடுங்கள். வேகப்படகில் போகக்கூடிய தீவு என்றால் இருட்டிய பிறகும் அழைத்துப்போகும் ரிசார்ட்டுகள் உண்டு. கடல் விமானத்துக்கான பெட்டி எடை வரம்பு உங்கள் சர்வதேச விமானத்தின் வரம்பைவிடக் குறைவாக இருக்கலாம். அதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.